8-ம் நம்பர் போல்ட்டும் கால் இன்ச் டார்க் ரெஞ்சும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது

பைக் வேலைக்கு டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த அளவு இறுக்கம் (டார்க்) வந்ததும் க்ளிக் அடிக்கும் ரெஞ்ச், வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சதுர முனை அரை இன்ச் உள்ள ரெஞ்சைத்தான் எடுக்கிறார்கள். 28-லிருந்து 210 நியூட்டன் மீட்டர் (டார்க்கின் அலகு) வரை போகும், ஒன்றை வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்று கணக்கு. வீல் ஆக்ஸில் நட்டுக்குச் சரி, இன்ஜின் கவர்களுக்கு உதவாது. கிளட்ச் கவர், மேக்னட் கவர், டேப்பட் கவர் போல்ட்டுகள் அநேகமாக 6 மி.மீ. மரை. அவற்றுக்கு 10, 12 நியூட்டன் மீட்டரே போதும். பெரிய ரெஞ்சில் அந்த அளவே கிடையாது. கோட்டுக்குக் கீழே திருகி வைத்து, க்ளிக் வரும் வரும் என்று இழுத்தால் அதற்கு முன்னால் மரை பிய்ந்து வந்துவிடும். முதலில் வாங்க வேண்டியது 5–25 அளவுள்ள கால் இன்ச் ரெஞ்ச்.

அடுத்து நம்பர் குழப்பம். பட்டறையில் ‘8-ம் நம்பர் போல்ட்’ என்றால் 8-ம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் தலை. மேனுவலில் ‘8 மி.மீ. போல்ட்’ என்றால் மரையின் விட்டம். 8-ம் நம்பர் தலைக்கும் 10-ம் நம்பர் தலைக்கும் மரை பெரும்பாலும் 6 மி.மீ.தான். சந்தேகம் வந்தால் வெர்னியரால் மரையை அளந்துவிடலாம். ஹோண்டா மேனுவல்களின் பொது அட்டவணையில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர். இரண்டையும் மாற்றிப் படித்து கவர் போல்ட்டுக்கு 22 வைத்தால் என்ன ஆகும்? போல்ட் முதலில் நன்றாக இறுகும். பிறகு கைக்குக் கனம் ஏறாமல் மெதுமெதுவென்று சுழலும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். கழற்றிப் பார்த்தால் போல்ட் மரையில் அலுமினியம் மெல்லிய கம்பிச்சுருள் மாதிரி சுற்றியிருக்கும். அது கேசிங்கின் (இன்ஜின் கூட்டின்) மரை. இனி ஹெலிகாயில்தான், அதாவது பிய்ந்த துளையில் புது மரையாகப் பதிக்கும் கம்பிச்சுருள். வீட்டிலேயே போடுவதானால் ஹெலிகாயில் கிட்டில் வரும் ட்ரில் பிட்டையும் மரை வெட்டும் டேப்பையும் மட்டும் பயன்படுத்துங்கள். டேப்பில் கிரீஸ் தடவினால் சில்லு அதிலேயே ஒட்டிக்கொள்ளும், இன்ஜினுக்குள் விழாது.

மரை போவதற்கு அதிக டார்க் மட்டும் காரணமில்லை. கவர் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. நீள போல்ட் இருந்த துளையில் குட்டையானதைப் போட்டால் மூன்று நான்கு மரைதான் பிடிக்கும். சரியான டார்க்கிலேயே பிய்ந்து வரும். குட்டைத் துளையில் நீள போல்ட் அடிமுட்டும். ரெஞ்ச் க்ளிக் அடிக்கும், கவர் இறுகியிருக்காது, ஆயில் கசியும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றுகிற போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

போல்ட்டில் நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உண்மையான பிடிப்பாக மாறுகிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போகிறது. அதனால் மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 10 நியூட்டன் மீட்டரில் போல்ட் அதிகமாக இழுபடும். மேனுவல் ஆயில் தடவச் சொல்லாத இடத்தில் மரையைத் துடைத்துவிட்டே போடுங்கள். சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு ஆயில் தடவச் சொல்லியிருந்தால் தடவத்தான் வேண்டும், அந்த அளவே அதை வைத்துப் போட்டது. ஹெட்டை இறுக்குவது இன்ஜின் ஆறிய பிறகு, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில்.

சின்ன ரெஞ்சில் 10-இல் வரும் க்ளிக் மிக மென்மையானது. தெருச் சத்தத்தில் காதுக்குக் கேட்காது, உள்ளங்கையில்தான் தெரியும். கைப்பிடியின் நடுவில் பிடித்து ஒரே சீராக இழுங்கள். ஒரு க்ளிக் போதும். ‘எதற்கும் இன்னொன்று’ என்பது கூடுதல் டார்க். ஏற்கெனவே இறுகிய போல்ட்டில் வைத்தவுடன் க்ளிக் வந்தால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். தளர்த்துவதற்கு மட்டும் சாதாரண ராட்செட்.

வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை அளவின் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே வேண்டாம். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த ரெஞ்சை எடுத்தால் நடு அளவில் நாலைந்து க்ளிக் அடித்துவிட்டுத் தொடங்குங்கள், உள்ளே உறைந்த கிரீஸ் பரவும்.

அளவு விலகிவிட்டதா என்று தோராயமாகப் பார்க்க வைஸ் போதும். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி கிடைமட்டமாக இருக்க, முனையிலிருந்து சரியாக 20 செ.மீ. தள்ளி 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 9.8 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் சேரும். அரைக் கிலோ ரெஞ்சானால் அரை நியூட்டன் மீட்டர்போலக் கூடும். 9-இல் வைத்தால் க்ளிக் வர வேண்டும், 12-இல் வரக் கூடாது. 9-இலேயே வராவிட்டால் காலிப்ரேஷனுக்கு (அளவைச் சரிபார்த்துத் திருத்த) அனுப்பும் வரை அந்த ரெஞ்ச் அலுமினியம் பக்கம் போக வேண்டாம்.