உப்புத் தண்ணிக்கு எது சரி: சாஃப்ட்னரா, காந்தமா, சிட்ரிக் ஆசிடா?

எங்கள் வீடு கோவையின் மேற்குப் பக்கம். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணி. அது வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்வோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணிதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் கீசர் போட்டதும் வீட்டு மின்சாரமே ட்ரிப் ஆனது. பிளம்பர் வந்து தண்ணியைச் சூடாக்கும் காயிலைக் கழற்றினார். பென்சில் கனத்தில் இருக்க வேண்டியது மக்காச்சோளக் கதிர் கனத்துக்கு வெள்ளை பூத்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. உள்ளே காயில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. தொட்டியின் அடியில் கைவிட்டு அரை வாளி சில்லு அள்ளினார். வாங்கி நான்கு வருடம்கூட ஆகாத கீசர்.

போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கிட்டத்தட்ட சுண்ணாம்புக்கல். அது காயிலைப் போர்வை மாதிரி மூடிவிட, உள்ளிருக்கும் சூடு தண்ணிக்குப் போக வழியில்லாமல் காயிலையே தின்கிறது. எங்கள் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 610 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை.

சரி, என்ன செய்வது என்று விசாரித்ததில் மூன்று வழி தெரிந்தது.

முதலில் காந்தமும் எலக்ட்ரானிக் கருவியும். குழாயின் மேல் மாட்டிவிட்டால் போதும், உப்பும் வேண்டாம், கழிவும் இல்லை. ஆனால் தண்ணிக்குள் இருக்கும் கால்சியம் அப்படியே இருக்கிறது, சோதித்தாலும் அதே அளவுதான் காட்டும். எதிர் வீட்டு அண்ணன் மாட்டியிருக்கிறார். ஷவர் துளைகள் இன்னும் அடைக்கின்றன, ஆனால் முன்பைவிட எளிதாகத் துடைக்க வருகிறது என்கிறார். நான் பார்த்தது அந்த ஒரு வீடுதான். என் காசை அதில் போட மனம் வரவில்லை.

இரண்டாவது, வாஷிங் மெஷின் வாயில் மாட்டும், படிவு ஒட்டாமல் தடுக்கும் பாஸ்பேட் கார்ட்ரிட்ஜும் அவ்வப்போது சிட்ரிக் ஆசிட் கழுவலும். வாடகை வீட்டுக்கு இதுவே போதும் என்பேன். கார்ட்ரிட்ஜ் வாஷிங் மெஷினுக்கு நன்றாக வேலை செய்கிறது. கீசரில் தண்ணி அறுபது டிகிரியைத் தாண்டினால் அந்தப் பாஸ்பேட் சிதைய ஆரம்பித்துவிடும், அங்கே அதை நம்ப முடியாது. சிட்ரிக் ஆசிட் செய்வது, வெள்ளை படிந்த பிறகு அதைக் கரைக்கும் வேலை. ஷவர் தலையை ஒரு ராத்திரி ஊறவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் கீசரை வருடா வருடம் இறக்கிக் கழுவ ஆள் தேட வேண்டும்.

மூன்றாவது சாஃப்ட்னர். நாங்கள் போட்டது இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். உருளைக்குள் இருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினால் மறுபடி தயார். விற்பவர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்புகள்) மீட்டரை நீட்டினால் அதைப் பார்க்காதீர்கள். சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கடினத்தன்மை கிட் கேளுங்கள். அதுவும் இல்லையா, பாட்டிலில் பாதித் தண்ணி, இரண்டு சொட்டு சோப்பு, குலுக்கினால் நுரையே சொல்லிவிடும்.

வாங்குமுன் என்னிடம் யாரும் சொல்லாத விஷயம் உப்புக் கணக்கு. எல்லாம் இதில்தான் இருக்கிறது. எங்களுடையது 25 லிட்டர் ரெசின். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும், ஆக மொத்தம் ஒன்றேகால் கிலோ. எங்கள் தண்ணிக்கு அது ஏறக்குறைய 2,000 லிட்டர். ஒவ்வொரு முறை கழுவவும் மூன்றரை கிலோ கல்லுப்பு. நால்வர் இருக்கும் வீட்டில் டாய்லெட் ஃப்ளஷ், வாசல் தெளிப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 800 லிட்டர் ஓடுகிறது. முழு வீட்டையும் சாஃப்ட்னரில் விட்டால் இரண்டரை நாளுக்கு ஒரு கழுவல், மாதம் நாற்பது கிலோ உப்புக்கு மேல். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினோம். மூட்டை தூக்கிச் சலித்துப்போய், பாதிச் சமயம் கழுவவே மறந்தோம். கழுவாத சாஃப்ட்னர் வெறும் குழாய்தான்.

அப்புறம் பிளம்பரிடம் சொல்லி, கீசர், ஷவர், வாஷிங் மெஷின் மூன்றுக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்தோம். நாளைக்கு 250 லிட்டர்தான் அதில் போகிறது. எட்டு நாள் தாங்கும், வாரம் ஒரு கழுவல், மாதம் பதினான்கு கிலோ உப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாள் படிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவரைப் பூசுமுன் இந்தத் தனிக் குழாயைப் போட்டுவிடுங்கள். எங்களுக்கு டைல்ஸ் உடைக்க வேண்டியிருந்தது.

கழுவிய தண்ணி எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். எங்களுடையது முதலில் கொல்லைக்குப் போனது. ஒரே மாதத்தில் கறிவேப்பிலை இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்தது. மாமியார் கல்யாணமாகி வந்தபோது வைத்த மரம். உடனே சாக்கடைக்குத் திருப்பினோம். மரம் தழைக்க அடுத்த ஆடி ஆகிவிட்டது. மழைநீர்த் தொட்டிக்குள்ளும் அதை விடக்கூடாது. மென்மையாக்கிய தண்ணியைக் குடிக்கவும் வேண்டாம். எங்கள் அளவுக்கு லிட்டருக்கு 280 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேர்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது.

தானாகவே உப்புக் கழுவலைச் செய்துகொள்ளும் தானியங்கி வால்வு வைத்தது சௌகரியம்தான், ஆனால் நான் கையால் திருப்பும் வால்வுதான் பயன்படுத்துகிறேன், அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ரெசின் எத்தனை வருடம் வரும் என்பதையும் எங்கள் இரண்டரை வருட அனுபவத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

போன பங்குனியில் புது கீசரைத் திறந்து பார்த்தோம். காயிலில் உலோகம் தெரிந்தது. மேலே இருந்த மெல்லிய வெள்ளைத் தோல் ஈரத் துணிக்கே வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் இருந்த மெக்னீசியம் கம்பி கரைந்து குச்சியாகியிருந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே கொடுக்கும் கம்பி அது. மென்மையான தண்ணியில் சீக்கிரம் கரையும் என்று பிளம்பர் சொல்லி, புதுசு ஒன்று மாட்டினார். இனி வருடம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதாக இருக்கிறேன்.