சிறுவர் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு: கேபிளா, சங்கிலியா, யூ பூட்டா?

பெரியவர்கள் தங்கள் சைக்கிளுக்குப் பூட்டு வாங்கும்போது திருடனை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சிறுவர் சைக்கிளுக்கு வாங்கும்போதோ, அந்தப் பூட்டைத் தினமும் கையாளப்போகும் எட்டு வயதுக் கையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். எவ்வளவு உறுதியான பூட்டாக இருந்தாலும், கனமாக இருக்கிறது என்று பிள்ளை அதை வீட்டிலேயே விட்டுப் போனால் கொடுத்த பணம் வீண்தான். ஆகவே, வெட்டுவது எவ்வளவு கடினம் என்பதோடு, பிள்ளை பிறர் உதவியின்றிப் பூட்டித் திறக்க முடியுமா என்பதையும் சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன்.

விலை குறைந்ததும் பரவலாக விற்பதும் கேபிள் பூட்டு. மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். எடை சில நூறு கிராம்தான். வளைந்து கொடுப்பதால் கம்பம், வேலி, மரம் என எதனோடும் சேர்த்துக் கட்டலாம். சிறு பிள்ளைக்கு இதைவிட எளிதான பூட்டு கிடையாது. ஆனால் பைக்குள் மறைத்துக் கொண்டுவரக்கூடிய கம்பி வெட்டி ஒன்று இருந்தால், சாதாரண கேபிளைச் சில நொடிகளில் துண்டித்துவிடலாம். உறையின் தடிமனைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. வெளியே 12 மி.மீ. எனத் தெரியும் கேபிளுக்குள் இருக்கும் எஃகு அதில் பாதியளவாகவே இருக்கக்கூடும். சுருள் கேபிளை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஓட்டும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். அது முன்சக்கரத்தின் ஸ்போக்குகளில் சிக்கினால் பிள்ளை தலைகுப்புற விழ நேரும்.

சாவியா, எண்ணா என்ற கேள்வி கேபிளுக்கும் சங்கிலிக்கும் பொதுவானது. மூன்று வளையங்கள் கொண்ட எண் பூட்டில் 1,000 சேர்க்கைகள்தான் உண்டு. ஒன்றுக்கு இரண்டு நொடி எடுத்துக்கொண்டாலும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். நான்கு வளையங்கள் என்றால் 10,000 சேர்க்கைகள். அதே வேகத்தில் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் பிள்ளைகள் பூட்டும் விதத்தைக் கவனித்தால் இந்தக் கணக்கே உடைந்துபோகும். குறியெண் 2581 என்றால், பூட்டியபின் கடைசி வளையத்தை மட்டும் இரண்டு பல் நகர்த்தி, 2583 என்று விட்டுவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். அதைப் பார்க்கும் எவரும் ஒரு வளையத்தைச் சுற்றியே திறந்துவிடலாம். பூட்டியதும் நான்கு வளையங்களையும் உள்ளங்கையால் ஒருசேர உருட்டிவிடச் சொல்லிப் பழக்குவதே இதற்குச் சரியான தீர்வு. குறியெண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள பூட்டுகளில், திறந்திருக்கும்போது பிள்ளை தெரியாமல் எண்ணை மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. சாவிப் பூட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. சாவி தொலைவது ஒன்றுதான் கவலை. உதிரிச் சாவியை வீட்டில் வைத்து, சாவியோடு வரும் குறியீட்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டால் அதையும் சமாளிக்கலாம். குழல் வடிவச் சாவி கொண்ட பழைய பூட்டு கைமாறி வந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய சில பூட்டுகளைப் பிளாஸ்டிக் பேனாவின் உடற்பகுதியைக் கொண்டே திறக்க முடியும் என்பது 2004-இல் அம்பலமானது.

சங்கிலிப் பூட்டில் பார்க்க வேண்டியது, கண்ணி கடினமாக்கப்பட்ட எஃகால் ஆனதா என்பதைத்தான். சாதாரண இரும்புச் சங்கிலி, நீண்ட கைப்பிடிகள் கொண்ட வெட்டுக் கருவியான போல்ட் கட்டரில் சிறியதற்கே பணிந்துவிடும். கடினமாக்கிய 6 மி.மீ. சங்கிலி, கம்பி வெட்டியோடு வருபவனை வெறுங்கையோடு அனுப்பிவிடும். பெரிய போல்ட் கட்டரோடு வருபவனை அது நிறுத்தாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை வருவதால், ஒன்பது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கே இது தோதுப்படும். சிறுவர் சைக்கிளின் ஃபிரேம் தாழ்வாக இருப்பதால் சங்கிலி எளிதில் தரையில் கிடந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சங்கிலி தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதை உடல் எடையால் அழுத்தி வெட்ட முடியும் என்பதால், சங்கிலியை இறுக்கமாகச் சுற்றி மேலே நிறுத்தவே சொல்லித்தர வேண்டும்.

கைக்கருவிகளை எதிர்த்து நிற்பதில், U எழுத்துபோல் வளைந்த தண்டும் அதை மூடும் குறுக்குத் துண்டும் கொண்ட யூ பூட்டுக்கே முதலிடம். 13 மி.மீ.க்கு மேற்பட்ட கடினமாக்கிய எஃகுத் தண்டு, போல்ட் கட்டருக்கு எளிதில் அசையாது. ஆனால் அதைப் போடும் வேலையைப் பாருங்கள்: ஒரு கையால் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு, ஃபிரேம், சக்கரம், கம்பம் மூன்றையும் தண்டுக்குள் அடக்கி, இரு முனைகளையும் குறுக்குத் துண்டின் துளைகளில் பொருத்தி, சாவியைத் திருப்ப வேண்டும். கம்பம் சற்றுப் பருமனாக இருந்தாலே காரியம் நடக்காது. விலையும் கூடுதல். எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று இணைத்து மடக்கும்படி செய்த மடக்குப் பூட்டு பிள்ளைகளுக்கு விலைக்கேற்ற பலன் தராது. தகடுகளுக்கு இடையில் விரல் நசுங்கவும் வாய்ப்புண்டு.

பின்சக்கரத்தோடு நிலையாகப் பொருத்தும் வளையப் பூட்டில், பல மாடல்களில் பூட்டினால்தான் சாவி கையோடு வரும். ஓட்டும்போது தொலைய வழியில்லை. ஆனால் பத்துக் கிலோவுக்கும் குறைவான சிறுவர் சைக்கிளைப் பூட்டோடு தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்பதால், இது துணைப் பூட்டாக மட்டுமே பயன்படும்.

சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு ஒதுக்கச் சொல்லும் வழக்கமான கணக்கு இங்கே பொருந்தாது. அதன்படி போனால் மெல்லிய கேபிளில்தான் வந்து நிற்போம். சைக்கிள் சில ஆண்டுகளில் பிள்ளைக்குச் சிறிதாகிவிடும். நல்ல சங்கிலி அடுத்த சைக்கிளுக்கும் உதவும். எனவே எட்டு வயது வரை, கண்பார்வையில் சிறிது நேரம் நிறுத்தும் சைக்கிளுக்கு நான்கு வளையக் கேபிள் போதும். பள்ளியில் நாள் முழுவதும் நிறுத்துவதென்றால் 6 மி.மீ. சாவிச் சங்கிலியே என் தேர்வு. விலையுயர்ந்த சைக்கிளை ரயில் நிலையம் போன்ற இடத்தில் விட்டுச்செல்லும் பதின்வயதினருக்கு யூ பூட்டு. அதிலும் பிரிட்டனின் சோல்ட் செக்யூர் போன்ற சுயேச்சை அமைப்பு சோதித்துத் தரம் வழங்கியதாக இருந்தால் நல்லது. எதை எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் பிள்ளையின் கையில் கொடுத்துக் கடையிலேயே ஒருமுறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். திணறினால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.