பைன் மரமும் ஆரஞ்சு ஆகுமாம்: மலையில் திருமணப் படம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இலையுதிர்காலத்தில், இலைகள் நிறம் மாறும் சமயத்தில், மலையில் திருமணப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போது என் கையில் இருப்பது பைன் மரங்கள் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும் 40 படங்கள்.

படம் எடுக்க நாங்கள் அமர்த்திய நிறுவனத்தார் 8 மாதங்களுக்கு முன்பே தேதி குறித்தார்கள். "அந்த வாரம் நிறம் உச்சத்தில் இருக்கும், கியாரண்டி" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டவுடனே எழுந்து வந்திருக்க வேண்டும். பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைந்து, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். இது ஓரளவு கணிக்கக்கூடியது. சிவப்பு அப்படியில்லை. அது அந்தச் சமயத்தில்தான் இலையில் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி விழாத குளிர், இரண்டும் அமைந்தால்தான் நன்றாக ஏறும். ஏறின பிறகும் ஓர் இரவு பலமாகக் காற்றடித்தால் போச்சு.

எங்களுக்குப் போச்சு. இரண்டு நாள் முன்னால் காற்றும் மழையும். தேதியைத் தள்ளலாமா என்று கேட்டால், தள்ளினால் கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அதைப் படிக்காமல் 70 சதவீதத்தைக் கட்டியிருந்தேன்.

சரி, போனோம். மேலே காட்சிமுனையில் மரங்கள் மொட்டையாக நின்றன. ஆனால் வரும் வழியில் கீழ்ச்சரிவுக் காடு மஞ்சளும் சிவப்புமாக இருந்ததைக் காரிலிருந்தே பார்த்திருந்தேன். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் நிறமாற்றம் பொதுவாக உச்சியில் தொடங்கி, நாளாக நாளாகக் கீழே இறங்கும். மலையில் படம் எடுப்பதே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? "கீழே போகலாமே" என்றேன். "பேக்கேஜில் இந்த இடம்தான் இருக்கிறது" என்றார்.

அப்புறம் வனக்காவலர் வந்தார். பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி தேவை. எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று எங்களிடம் சொன்னவர்கள், அவர் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் அதில் கழிந்தது. அனுமதிச் சீட்டின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதில் உங்கள் தேதியும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

"சூரியன் மறைய 5:40 ஆகும்" என்று கைபேசியைப் பார்த்துச் சொன்னார் உதவியாளர். அது அடிவானக் கணக்கு. எங்களுக்கு மேற்கே பெரிய முகடு. 4:15க்கே நிழல் விழுந்து, வெளிச்சம் நீலம் பாரித்துவிட்டது. நான் குளிரில் நடுங்கிக்கொண்டு சிரித்தேன்.

ஆறு வாரம் கழித்து ஆல்பம் வந்தது. திறந்தவுடன் கணவர் கேட்டார்: "உன் தோடு பச்சைக்கல் தானே?" படத்தில் அது ஆரஞ்சுக்கல். கணினியில் பச்சையை மொத்தமாகப் பிடித்து ஆரஞ்சாகத் திருப்பியிருக்கிறார்கள். பைன் மரம், பாறைப் பாசி, பூச்செண்டின் காம்பு, என் தோடு, எதையும் விடவில்லை.

கேட்டதற்கு, "ஊசியிலை மரங்களும் நிறம் மாறும் மேடம்" என்று பதில். லார்ச் என்ற ஊசியிலை மரம் மாறும், உண்மை, மஞ்சளாகி உதிரும். படத்தில் இருப்பது பைன், ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும் மரம். சந்தேகம் வந்து அவர்கள் காட்டிய மாதிரிப் படங்களை இணையத்தில் தேடினேன். மூன்று படங்கள் வேறொரு கலைஞருடையவை. இதை முன்பணம் கட்டும் முன் செய்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. மாதிரிக்குப் பொறுக்கியெடுத்த பத்துப் படங்களைப் பார்க்காதீர்கள். அதே மலையில் ஒரே ஜோடிக்கு எடுத்த முழு ஆல்பத்தையும் கேளுங்கள். தேதியும் ஒரே நாளாக இல்லாமல், ஒரு வாரத்துக்குள் தள்ளிக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மீதி 30 சதவீதத்தை நான் கொடுக்கவில்லை. அவர்கள் மூலப் படங்களைத் தரவில்லை. போன வாரம் ஒரு செய்தி வந்தது: பாக்கியைக் கட்டினால் தோட்டை மட்டும் பச்சையாக்கித் தருகிறார்களாம்.