ஒரு வாக்குச்சீட்டும் நான்கு வழிகளும்: 2024 ஜனாதிபதித் தேர்தலை வடக்கிலிருந்து பார்த்த ஒரு வாக்காளரின் அலசல்

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய நாள்களில், யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வீட்டில் மூன்று வாக்காளர்கள் மூன்று முடிவுகளோடு இருந்தோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்தைத் தவிர வேறொன்றையும் பேச விரும்பவில்லை. முதன்முறையாக வாக்களிக்கவிருந்த என் தங்கையின் மகன் அநுர குமார திசாநாயக்கவின் சின்னமான திசைகாட்டியின் பக்கம் நின்றான். நான் சங்குக்கும் சஜித் பிரேமதாசவின் சின்னமான தொலைபேசிக்கும் இடையில் கடைசிக் கிழமை வரைக்கும் தத்தளித்துக்கொண்டிருந்தேன். இவை ஒன்றுமே வேண்டாம், வாக்களிப்பு நிலையத்தின் பக்கமே போகக் கூடாது என்று கேட்டுக்கொண்ட துண்டுப்பிரசுரம் ஒன்றும் ஒருநாள் காலையில் எங்கள் படலையில் செருகப்பட்டிருந்தது.

வடக்கில் வாக்களிக்கும் ஒருவர் வேட்பாளர்களை ஒப்பிடுவதற்கு முன்பே வாக்கைப் பயன்படுத்தும் வழிகளை ஒப்பிட வேண்டியவராக இருக்கிறார். அந்த ஒப்பீட்டுக்குத் தேர்தல் முறையைச் சரியாக விளங்கிக்கொள்வது அவசியம். செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெறுபவர் முதல் எண்ணிக்கையிலேயே இலங்கையின் ஜனாதிபதி ஆகிவிடுவார். ஒருவரும் அந்த எல்லையைத் தாண்டாவிட்டால், முதல் இரண்டு இடங்களில் நிற்பவர்களைத் தவிர ஏனைய எல்லோரும் ஒரேயடியாக விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 என்று இலக்கமிடப்பட்ட சீட்டுகள் மட்டும் மீண்டும் எடுக்கப்படும். அவற்றில் 2 என்ற இலக்கம் எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால் அந்த வாக்கு அவருக்குச் சேரும், அப்படி இல்லையென்றால் 3 என்ற இலக்கம் பார்க்கப்படும். 1982 இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே இந்த ஏற்பாடு சட்டத்தில் இருந்துவந்தாலும், 2019 வரை ஒவ்வொரு தடவையும் ஒருவர் அரைவாசியைத் தாண்டியதால், அது ஒருபோதும் தேவைப்படவில்லை.

பகிஷ்கரிப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நான் ஒருமுறை வாழ்ந்து பார்த்திருக்கிறேன். 2005 நவம்பரில் என் வாக்காளர் அட்டை அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு அடியில் கிடந்தது. அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த ஏழு இலட்சம் வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம் மட்டுமே. மகிந்த ராஜபக்ச அந்தத் தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவை ஏறத்தாழ 1.8 இலட்சம் வாக்குகளால் வென்றார். அடுத்த நான்கு ஆண்டுகளில் எங்களுக்கு நடந்தவற்றை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. 2024 இலும் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிப்பையே கோரியது. ஒற்றையாட்சி அரசியலமைப்பின் கீழ் ஒருவரைத் தெரிவு செய்வது அந்த அரசியலமைப்பை ஏற்றுக்கொள்வதாகிவிடும் என்ற அவர்களுடைய வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாக்களிக்காதவர் தேர்தலின் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. அரைவாசி என்பது செல்லுபடியான வாக்குகளில் அரைவாசி. ஆகவே வீட்டில் இருப்பவரும், சீட்டைப் பழுதாக்கிவிட்டு வருபவரும், வெல்பவர் தாண்ட வேண்டிய எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். இந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மூன்று இலட்சம். அவற்றில் எது எதிர்ப்பு, எது தவறுதல் என்று பிரித்துச் சொல்வதற்கு எந்த வழியும் கிடையாது.

சங்கின் வாதம் இந்த இடத்தில் பலமானது. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் வெல்லப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவரை நிறுத்திய கட்சிகளுக்கும் சிவில் அமைப்புகளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் சங்குக்குக் கிடைக்கும் வாக்கு செல்லுபடியான வாக்கு என்பதால், அது எல்லையை உயர்த்துகிறது. தெற்கின் வேட்பாளர்கள் அரைவாசியைத் தொடுவதைச் சற்றேனும் கடினமாக்குகிறது. எங்கள் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகப் பதிவு செய்கிறது. பகிஷ்கரிப்பு சொல்ல விரும்பும் அதே செய்தியைச் சங்கு எண்ணத்தக்க வடிவத்தில் சொல்கிறது என்பதே என் கணிப்பு. இது புதிய யோசனையும் அல்ல. 1982 இல் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் அவரே முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஜே. ஆர். ஜயவர்தன அல்ல, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. அந்தக் கட்சியின் ஆட்சியில் இறக்குமதித் தடை இருந்த எழுபதுகளில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போனதை எங்கள் கமக்காரர் மறந்திருக்கவில்லை. அதாவது, நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னரும் யாழ்ப்பாணம் தன்மானத்துக்கும் சோற்றுக்கும் இடையில் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்துதான் நின்றது. அம்மா அந்தத் தேர்தலில் குமார் பொன்னம்பலத்துக்கும், அப்பா கொப்பேகடுவவுக்கும் வாக்களித்ததாக அம்மா இப்போதும் சொல்லுவார்.

சங்கின் பலவீனமும் சிறியதல்ல. அதற்குப் பின்னால் ஒரே குரல் இருக்கவில்லை. அரியநேத்திரன் இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அந்தக் கட்சியின் மத்திய குழுவோ செப்டெம்பர் 1 ஆம் திகதி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாகத் தீர்மானித்தது. அதே கட்சியின் சிவஞானம் சிறீதரன் சங்குக்காக மேடையேறினார். ஒற்றுமையைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட வேட்பாளரே எங்கள் பிளவைக் காட்டும் கண்ணாடியாக ஆனது எனக்கு மிகுந்த மனவேதனையைத் தந்தது.

தெற்கின் வேட்பாளர்களில் ஒருவருக்கு நேரடியாக வாக்களிப்பது மூன்றாவது வழி. அதற்கு 2015 ஒரு நல்ல முன்னுதாரணம். மைத்திரிபால சிறிசேன ஏறத்தாழ 4.5 இலட்சம் வாக்குகளால் வென்ற அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் மட்டும் அவருக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைக் கொடுத்தது. அதன் பலனாகச் சில காணிகள் விடுவிக்கப்பட்டன. தெருவில் மூச்சு விடக்கூடியதாக இருந்தது. புதிய அரசியலமைப்புக்கான பேச்சு 2017 இல் இடைக்கால அறிக்கை வரைக்கும் போய், 2018 ஒக்டோபரின் அரசியல் குழப்பத்தோடு நின்றுபோனது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவோரம் கொட்டகை போட்டிருந்த தாய்மார் அப்படியே இருந்தார்கள். ஆகவே இந்த வழி ஒன்றுமே தரவில்லை என்று சொல்வதும் பிழை, தீர்வு தந்தது என்று சொல்வதும் பிழை.

2024 இல் இந்த வழிக்குள் மூன்று கிளைகள் இருந்தன. எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் நின்ற அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவைப் பற்றி நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எவரும், அந்த வரிசைகள் மறைந்ததை மறுக்க முடியாது. ஆனால் மாகாண சபைகளுக்குப் பொலிஸ் அதிகாரம் கிடையாது என்பது அவருடைய நிலைப்பாடு; 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் அவருடைய ஆட்சியில் நிதி இல்லையென்ற காரணத்தோடு நடக்காமற் போனது. ஒரு தேர்தலை நிறுத்தியவருக்கு இன்னொரு தேர்தலில் வாக்களிக்க என் கை எழவில்லை.

தொலைபேசி வேறுவிதமானது. சஜித் பிரேமதாச, மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று வடக்கிலேயே வந்து சொன்னார். 1987 இலிருந்து சட்டமாக இருக்கும் ஒன்றை நடைமுறைப்படுத்துவதே வாக்குறுதியாக வைக்கப்படும் நிலை என்னை வருத்தினாலும், அதைத் தெற்கிலும் மறைக்காமற் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 2013 இல் ஒரேயொரு முறை தெரிவு செய்யப்பட்ட வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 இல் முடிந்த பின்னர், எங்கள் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரிகளையும் ஆளுநர்களே நிர்வகித்து வருகிறார்கள். அந்த நிலையை மாற்றுவேன் என்று சொல்பவரை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

திசைகாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம்தான் மிகவும் சூடானது. அநுர குமார திசாநாயக்கவின் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தொடுத்த வழக்கில்தான் 2006 ஒக்டோபரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பைச் செல்லுபடியற்றது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். தங்கையின் மகன் அமைதியாகக் கேட்டுவிட்டு, “பெரியம்மா, அது நடந்தபோது எனக்கு ஒரு வயசு. இவ்வளவு காலமும் எங்கட பிரச்சினையைப் பேசினவை, எங்கட ஊருக்கு என்ன செய்தவை?” என்று கேட்டான். வேலை எடுப்பதற்கு அரசியல்வாதியின் கடிதம் தேவைப்படாத நாடொன்று அவனுக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது வழிதான் இந்த மூன்றையும் ஒரே சீட்டுக்குள் கொண்டுவரக்கூடியது: சங்குக்கு 1, தெற்கின் ஒருவருக்கு 2, விரும்பினால் இன்னொருவருக்கு 3. சங்கின் செய்தி முதல் எண்ணிக்கையில் முழுமையாகப் பதிவாகும். இரண்டாவது எண்ணிக்கை ஒன்று வந்தால், யார் ஆள வேண்டும் என்ற கேள்விக்கும் அதே சீட்டு பதில் சொல்லும். வாக்கு வீணாகிவிடும் என்று சங்குக்கு எதிராகச் சொல்லப்பட்ட பிரதான வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. முதல் இரண்டு இடங்களுக்கு வருபவர்களுக்கு 1 போட்டவர்களின் இரண்டாவது விருப்பைத்தான் எவரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. இவ்வளவு வாய்ப்பான ஒரு வசதியைப் பற்றி எங்கள் மேடைகளில் நான் கேட்டது மிகக் குறைவு. சங்கா தொலைபேசியா என்று ஒருவரையொருவர் துரோகி என்று ஏசுவதற்குச் செலவழித்த நேரத்தில் ஒரு பங்கையேனும் 2 என்ற இலக்கத்தை விளக்குவதற்குச் செலவழித்திருக்கலாம்.

தேர்தலன்று காலையில் வாக்களிப்பு நிலையத்தில் என் கையில் தரப்பட்ட சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீளமானது. அதில் 39 பெயர்கள். மட்டைத் தடுப்புக்குப் பின்னால் அதை விரித்தபோது கீழ்ப்பகுதி மேசையை விட்டுத் தொங்கியது. சங்கைக் கண்டுபிடித்து 1 என்று எழுதினேன். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு சின்னமாகத் தேடி, தொலைபேசிக்கு நேரே 2 என்று எழுதினேன். தொலைபேசி முதல் இரண்டு இடங்களுக்குள் வராமற்போனால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்தது. திசைகாட்டியா, சிலிண்டரா? 2006 இன் தீர்ப்பும் பிள்ளையின் கேள்வியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சிறிது நேரம் நின்றுவிட்டு, திசைகாட்டிக்கு 3 என்று எழுதினேன். அம்மா என்ன செய்தார் என்று திரும்பி வரும்போது கேட்டேன். சங்குக்கு 1 மட்டும் போட்டதாகச் சொன்னார். இரண்டாவது ஆளுக்கும் போட்டிருக்கலாமே என்றேன். “எனக்கு இரண்டாவது ஆள் ஒருத்தரும் இல்லை, பிள்ளை” என்றார். நாற்பத்திரண்டு வருட அனுபவத்திலிருந்து வந்த அந்தப் பதிலை நான் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் வந்த யாழ்ப்பாண மாவட்ட முடிவு 1982 ஐ மீண்டும் படிப்பது போலிருந்தது. சஜித் பிரேமதாசவுக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. இடைவெளி ஐயாயிரத்துக்கும் குறைவு. ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. நாடு முழுவதிலும் சங்கு பெற்ற 226,343 வாக்குகள் நூற்றுக்கு இரண்டையும் எட்டவில்லை என்றாலும், 2019 இல் தனித்து நின்ற எம். கே. சிவாஜிலிங்கத்துக்குக் கிடைத்த பன்னிரண்டாயிரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய எண்ணல்ல. 2019 இல் இதே மாவட்டத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற சஜித்துக்கு அதில் பாதிகூட வரவில்லை. திசைகாட்டிக்குக் கிடைத்த இருபத்தேழாயிரத்தை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு மாதங்களில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அது எண்பதாயிரத்தைத் தாண்டி, மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்துக்கொண்டது. தங்கையின் மகனைப் போன்றவர்கள் எத்தனை வீடுகளில் இருந்திருக்கிறார்கள் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

நாட்டின் முடிவு, சட்டத்தில் இவ்வளவு காலமும் உறங்கிக் கிடந்த பிரிவை எழுப்பியது. அநுர 42.31 சதவீதம், சஜித் 32.76 சதவீதம், எவரும் அரைவாசியைத் தாண்டவில்லை. தேர்தல்கள் ஆணைக்குழு இரண்டாவது எண்ணிக்கையை அறிவித்தது. ஏனைய வேட்பாளர்களுக்குப் போடப்பட்ட 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளிலிருந்து அநுரவுக்கு 105,264 வாக்குகளும் சஜித்துக்கு 167,867 வாக்குகளும் மட்டுமே சேர்ந்தன. எஞ்சிய முப்பது இலட்சம் சீட்டுகளில் பயன்படக்கூடிய இரண்டாம், மூன்றாம் விருப்பு இருக்கவில்லை. இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசமோ ஏறத்தாழ 12.7 இலட்சம். அந்த முப்பது இலட்சம் பேரும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், அடுத்த ஜனாதிபதி யார் என்பதைத் தீர்மானிக்கும் பலம் அவர்களுடைய கையில் இருந்தது. அதை எழுதாமல் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் வானொலியில் அந்த அறிவித்தலைக் கேட்டபோது, என் சீட்டு வாக்கெண்ணும் நிலையத்தில் மறுபடியும் ஒருவரின் கைக்குப் போகிறது என்ற நினைவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. குசினிக்குள் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

“இப்ப உன்ர வாக்கையோ எண்ணுகினம்?” என்று கேட்டார்.