நாயைக் கவ்விய சிறுத்தை: கூண்டு வைப்பதா, கொட்டகை கட்டுவதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வாசலில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப் போனால், உடனே எழும் கோரிக்கை கூண்டு. பயம் நியாயமானது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல முடியாது.

சரி, பிடித்த சிறுத்தையை எங்கே விடுவது? மகாராஷ்டிராவின் ஜுன்னரில் 2001 முதல் பல சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4 என்று இருந்தது 17 ஆக ஏறியது. விட்ட இடங்களின் அருகிலும் தாக்குதல் நடந்தது. பழகிய எல்லையை இழந்த விலங்கு அலைகிறது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்துவிடுகிறது. ஆளைத் திரும்பத் திரும்பத் தாக்கும் விலங்குக்கு மட்டும்தான் கூண்டு சரி என்பேன்.

கொட்டகை சின்ன வேலைதான். நான்கு பக்கமும் உறுதியான கம்பிவலை, மேலே கூரை, இருட்டும் முன் நாய் உள்ளே. மேல்பக்கம் திறந்திருந்தால் பயனில்லை, சிறுத்தை ஏறிக் குதிக்கும். வெளியே சங்கிலியில் கட்டுவது இன்னும் மோசம். பாவம், நாயால் ஓடக்கூட முடியாது. இமயமலை மேய்ப்பர்கள் காவல் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை போடுகிறார்கள், கழுத்துப் பிடியிலிருந்து காக்க.

இதிலும் குறை உண்டு: தெருநாய்களுக்குக் கொட்டகை யார் கட்டுவது? இறைச்சிக் கழிவு கொட்டும் இடத்தில் அவை கூடும், அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். அந்தக் கழிவை அன்றன்றே அள்ளுவது உள்ளாட்சியின் வேலை. கூண்டு கேட்டுக் கொடுக்கும் மனுவிலேயே இதையும் எழுதிக் கேளுங்கள்.