தட்டோடா, வெள்ளைப் பூச்சா, ஷீட்டா: மொட்டை மாடிக்கு எது சரி?

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு கவலை. பங்குனி, சித்திரையில் வீடு கொதிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சீலிங்கில் ஓதம் இறங்குகிறது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஆனால் வேலைக்கு ஆள் கூப்பிட்டால், தட்டோடு போடுகிறவர் "தட்டோடு போட்டால் ரெண்டும் தீரும்" என்பார், பெயிண்டர் பூச்சைச் சொல்வார், வெல்டிங் கடைக்காரர் ஷீட்டைச் சொல்வார். யார் சொல்வதும் முழுப் பொய் இல்லை. அவரவர் பொருள் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் தட்டோடு, அதாவது மாடித் தளத்தில் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு. ஓடு என்பது மேலே தெரிகிற தோல்தான். வேலை செய்வது அதற்குக் கீழே கிடக்கும் சுர்க்கி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் மேலே இருந்தது இதே சுண்ணாம்புத் தளம்தான். இதில் இரண்டு லாபம். வெயில் கான்கிரீட்டை நேரடியாகத் தொடாது. அதைவிட முக்கியமாக, தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓட வாட்டம், அதாவது லேசான சரிவு, கிடைக்கும். ஒழுகும் மாடிகளில் பாதிக்கு மேல் வாட்டம் கெட்டவை என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

குறை என்னவென்றால் எடை. நான்கு அங்குல சுர்க்கி சதுர அடிக்குப் பதினாறு, பதினெட்டு கிலோ வரும். 600 சதுர அடி மாடியில் அது ஏறக்குறைய 10 டன். புதிதாகக் கட்டும்போது இதைக் கணக்கில் சேர்த்துத்தான் தளத்தை வடிவமைப்பார்கள். பிரச்சினை பழைய மாடிகளில். "பழசைப் பெயர்க்க வேண்டாம் சார், அது மேலேயே இன்னொரு வரிசை போட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது. ஒழுகும் இடம் கீழேயே இருக்க, மேலே எடை மட்டும் கூடும். இன்னொன்று, இப்போது பலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்து இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள். சிமெண்ட் சீக்கிரம் இறுகும், இறுகியபின் வெயிலில் விரிசலும் விடும். பொறுமையாகத் தட்டிய சுண்ணாம்பு அந்த அளவுக்கு வெடிக்காது.

பழைய தட்டோடு எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு கம்பியை எடுத்து ஓடு ஓடாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் ஓடுகளை மட்டும் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, இடுக்குகளை எல்லாம் சுரண்டிப் புதுக் கலவையால் அடைத்தாலே (பாயிண்டிங்) பல மாடிகள் இன்னும் பல மழையைத் தாங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, வடிகுழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த மூன்றையும் விட்டுவிட்டு நடுவில் என்ன செய்தும் பயனில்லை. அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் அடுத்த மழைக்கு இரண்டு கிளையாக வரும்.

வெள்ளைப் பூச்சு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூட்டுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்து, பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் இறக்கும். இரவு பத்து மணிக்கும் ஃபேன் அனலைத் தள்ளுவது அதனால்தான். வெள்ளை மேற்பரப்பு வெயிலின் பெரும்பகுதியை வாங்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்ததும் இதை நம்பித்தான். வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் வித்தியாசம் தெரியும், ஆனால் மழையில் கரைந்துவிடும். வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சு சில வருஷம் நிற்கும். தூசியும் பாசியும் படிந்தால் வெண்மை போய்ப் பலனும் குறையும், அதனால் கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஆனால் 'வாட்டர்ப்ரூஃப்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி, விரிசலை அடைக்காமல் மேலே பூசுகிறவர்கள் ஏராளம். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் விரிசல் மேல்பூச்சைக் கிழித்துவிடும். தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது அடித்தாலோ, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பளபளப்பான வெள்ளை டைல்ஸும் இந்த வகைதான்: சூட்டைக் குறைக்கும், ஒழுகலைத் தானாக நிறுத்தாது, ஈரத்தில் வழுக்கவும் செய்யும்.

இனி ஷீட். இரும்புத் தூண் நட்டு கலர் ஷீட் போட்டால் தளத்தின் மேல் வெயிலும் படாது, மழையும் விழாது. நான்கு பக்கமும் திறந்திருந்தால் இடையில் காற்று ஓடி, கீழ்வீடு நன்றாகவே குளிரும். துணி காயப்போட, பிள்ளைகள் விளையாட இடமும் ஆச்சு. கேட்க எல்லாம் சரி. புயல் வரும்வரை.

கட்டடங்களின் மேல் காற்று எவ்வளவு வலுவாக மோதும் என்பதற்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி ஊருக்கு ஒரு அடிப்படை வேகம் வைத்திருக்கிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தோடு அழுத்தம் ஏறும் என்பதால், சென்னைக் கணக்கில் சதுர அடிக்கு 14 கிலோ அழுத்தம். மதுரையில் 9 கிலோவுக்கும் கீழே. அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை. பக்கம் திறந்த கொட்டகையில் காற்று அடியிலும் புகுந்து தூக்கும், மேலிருந்தும் இழுக்கும். ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும். குளிர்ச்சிக்காகத் திறந்து வைத்த அதே பக்கங்கள் புயலன்று எதிரியாகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் பறந்த தகரங்களை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் ஷீட் பறந்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, தெருவில் போகிறவருக்கும்தான்.

அதனால் சென்னை முதல் நாகை வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஷீட்டை நான் சொல்ல மாட்டேன். சுர்க்கியைப் பழுதுபார்த்து, அதன் மேல் வெள்ளை அடிப்பதே போதும். கோடையில் இன்னும் தாங்கவில்லை என்றால் பச்சை நிழல்வலை கட்டி, ஐப்பசிக்கு முன் அவிழ்த்து வைத்துவிடலாம். மதுரை, கோவைப் பக்கம் என்றால் ஷீட் யோசிக்கத் தகுந்ததே. அங்கேயும் தூணை வெறும் தட்டோட்டில் நிறுத்தாமல் தளத்தின் பீமோடு பிணைக்கச் சொல்லுங்கள். ஓர வரிசைகளில் திருகாணி நெருக்கமாக இருக்கட்டும். துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொரு ஆவணியிலும் மாற்றுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் வேலையைத் தை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். முடிந்ததும், ஷீட் தவிர மற்றவற்றில், வடிகுழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம். சீலிங் பூச்சு பெயர்ந்து துருக் கம்பி வெளியே தெரிகிற வீடுகளுக்கு மட்டும் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்கு.