மலையேறப் போகிறவர்கள் கவனிக்க: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லி 13,800 ரூபாயை வாங்கிவிட்டார்கள்

கேரளத்தில் இருக்கும் அகத்தியர் கூடம் மலையிலிருந்து இறங்கி வந்து துணிகூட இன்னும் காயவில்லை. சீசன் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் அனுமதி எடுத்து வைத்திருப்பீர்கள். எனக்கும் என் தம்பிக்கும் நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

நாகர்கோவிலில் ரெயின்கோட், பேக், டென்ட் விற்கும் ஒரு கடை. புகார் கொடுக்கப்போவதால் பெயரை இங்கே போடவில்லை. மழை ஜாக்கெட் இரண்டு 5,800, ஸ்லீப்பிங் பேக் இரண்டு 5,200, தம்பிக்கு ஷூ 2,800. மொத்தம் 13,800 ரூபாய்.

எங்கே போகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டோம். மூன்று நாள் காட்டுக்குள், 1,868 மீட்டர் உச்சி, இரவுத் தங்கல் அதிருமலை முகாமில், தை மாதமானாலும் மழையும் காற்றும் வரலாம் என்று எல்லாம் சொன்னோம். கடைக்காரர் ஜாக்கெட்டின் கையைக் குழித்துப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். சேம்பு இலையில் உருள்வது போல உருண்டு ஓடியது. உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், ஈரமே இல்லை. “திற்பரப்பு அருவிக்குக் கீழ போய் நின்னாலும் ஒரு சொட்டு உள்ள இறங்காது மக்கா. நான் இருக்கேன்லா, தைரியமா போயிட்டு வாங்க” என்றார். பெரியவர், வாய் நிறைய மக்கா என்று கூப்பிடுகிறார், கண்ணெதிரே செய்தும் காட்டுகிறார். பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த டம்ளர் சோதனை எதையும் நிரூபிக்காது. புதுத் துணியின் மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கும். மலிவான துணியில்கூட அது கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீரை உருட்டிவிடும். மணிக்கணக்காக மழை அடித்து, பேக்கின் பட்டையும் தோளில் அழுத்தும்போது தாங்குவது உள்பூச்சும், தையலின் மேல் ஒட்டியிருக்கும் டேப்பும்தான். எங்கள் ஜாக்கெட்டில் டேப்பே கிடையாது. ஒவ்வொரு தையலிலும் ஊசித் துளை அப்படியே கிடந்தது. இதையே தொழிலாக விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

மலைநடை தொடங்கும் போனக்காட்டிலிருந்து கிளம்பும்போது வெயில். மதியத்துக்குப் பிறகு மழை பிடித்தது. முதலில் தோள் நனைந்தது, அப்புறம் முதுகு, முகாம் போய்ச் சேர்வதற்குள் உள்சட்டை வரை எல்லாம். ‘இதுவும் வாட்டர்ப்ரூஃப்’ என்று கொடுத்த உறைக்குள் இருந்த ஸ்லீப்பிங் பேக்கும் ஊறிப்போயிருந்தது. இரவில் தம்பிக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, பேச்சு குழறியது. உடம்பின் சூடு இறங்குவதன் அறிகுறி அது. பனி பெய்தால்தான் ஆபத்து என்றில்லை. பத்து டிகிரியிலும் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத இரண்டு பேர் காய்ந்த ஸ்வெட்டரும் போர்வையும் கொடுத்தார்கள், கட்டன்சாயா வாங்கி வந்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். மறுநாள் உச்சிக்குப் போகிற வழியில் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பல வருஷம் கடையில் கிடந்த சரக்கு; உள்ளே இருந்த ஃபோம் கையில் பொடியாக உதிர்ந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினோம். உச்சியைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நேரே கடைக்குப் போனேன். “மலையில மழை கூடுதலா பெஞ்சிருக்கும்” என்றார் அதே பெரியவர். அருவி என்று சொன்னீர்களே அண்ணாச்சி என்றேன். “அது ஒரு பேச்சுக்குச் சொல்றது.” ஷூவைக் காட்டினால், “நீங்க நடந்த நடைக்கு எந்த ஷூ தாங்கும்?” அடுத்த முறை போனால் முதலாளி ஊரில் இல்லை என்று கடைப்பையன் சொன்னான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் பில்லின் அடியைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. இப்போது ‘மக்கா’ எல்லாம் இல்லை, ‘சார், வழியை மறைக்காதீங்க’ என்கிறார். 13,800 ரூபாய் வாங்கும்போது நான் வழியை மறைக்கவில்லை போலிருக்கிறது!

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் சொல்லப்போகிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை.

என்னென்ன எடுத்துப்போகலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையலில் டேப் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். ஷூவில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. படுக்கும்போது போட ஒரு ஜோடி உடையைத் தண்ணீர் புகாத பையில் இறுக்கிக் கட்டி, முகாம் போய்ச் சேரும் வரை அவிழ்க்காதீர்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள், எழுத மாட்டேன் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.